நூற்று எண்பத்தேழு ராத்தல்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது பிரிக்பீல்ட்ஸ் கூட்ஸ் ஷெட்டில் நூற்று எண்பத்தேழு ராத்தல் இரும்பு களவு போயிற்று. அப்படி எதுவும் போகவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்குள் ஒரு மாட்டு வண்டிக்காரர் திருடராகிவிட்டார். என் சின்ன மாமா எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையே சிரிக்கும் முட்டாளாகிவிட்டார். பாதி பேசி முடித்திருந்த அவருடைய கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. ரயில்வே லோகோ ஷெட்டில் பிட்டர் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஒரு கட்டில் போட்டுத் தங்கியிருந்தார். கையில் ஸ்பானரைக் கொடுத்தால் எந்த இஞ்சினையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார் என்று அப்பா சொல்வார். பென்சிலைக் கொடுத்தால்தான் தொல்லை. மேல் கிரேடுக்குப் போக ஓர் எழுத்துப் பரீட்சை இருந்தது. மாமா அதில் இரண்டு முறை தவறியிருந்தார். இரண்டு முறையும் அவரைக் கவிழ்த்தது ஒரே வகைக் கேள்வி: ஒரு வாயுவின் அடர்த்தி இவ்வளவு, கன அளவு இவ்வளவு, அதன் எடை என்ன?

இதைவிட எளிய கணக்கு கிடையாது. அடர்த்தி என்பது ஒரு கன அடி வாயு எத்தனை ராத்தல் என்பதைச் சொல்வது. எத்தனை கன அடி இருக்கிறதோ அதனால் பெருக்கினால் மொத்த எடை வந்துவிடும். ஒரு கட்டுக் கீரையின் விலை தெரிந்தவர் ஐந்து கட்டின் விலையைச் சொல்ல பாசாரில் ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. ஆனால் மாமா, தபாலில் லண்டனிலிருந்து வரவழைத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில், எடையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி என்று படித்துவிட்டார். அன்றிலிருந்து அடர்த்தி என்ற சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் எதையாவது எதனாலாவது வகுத்துவிடுவார்.

ஒருநாள் பழகிப் பார்ப்பதற்காக எங்கள் முன்னறையை அளந்தார். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்தடி, உயரம் பத்தடி. ஆயிரத்து இருநூறு கன அடி. காற்றின் அடர்த்தி புள்ளி பூஜ்யம் எட்டு என்று புத்தகம் சொன்னது. வகுத்தார். பதினையாயிரம் ராத்தல் வந்தது.

"அக்கா, இந்த ரூம்ல ஏழு டன் காத்து இருக்கு!"

அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஏழு டன்னும் எங்கேயும் போயிடாது. நீ சோறு திங்க வா."

நான் நம்பினேன். ஏழு டன் என்றால் சரக்கு வேகனில் முக்கால்வாசி என்று மாமாவே விளக்கியிருந்தார். அடுத்த ஒரு வாரம் முன்னறையைக் குனிந்தபடிதான் கடந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் கொஞ்சம் வெளியே போய் பாரம் குறையும் என்று தோன்றியது. திறந்து வைத்தேன். மழை உள்ளே வந்து மாமாவின் மெத்தை நனைந்தது. அம்மாவிடம் அடி வாங்கினேன். சரியாகப் பெருக்கியிருந்தால் அந்த அறையில் இருந்த காற்று தொண்ணூற்றாறு ராத்தல்தான். அன்றைய என்னைப்போல இரண்டு பிள்ளைகளின் எடை.

எங்கள் வரிசையிலேயே ஆறு வீடு தள்ளி எடைக் கிராணியின் வீடு இருந்தது. கூட்ஸ் ஷெட்டுக்கு வருகிற சரக்கையும் அங்கிருந்து போகிற சரக்கையும் மேடைத் தராசில் நிறுத்துப் பேரேட்டில் எழுதுவது அவர் வேலை. மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள். அந்தத் தராசைக் கிராணி நடத்திய விதத்தைப் பார்த்தால் அதுதான் மூத்த பிள்ளை என்று தோன்றும். மாலையில் வேலை முடிந்ததும் அதற்குத் துணி போர்த்துவார். யாரும் அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. ஒருமுறை அதன்மேல் குடையை வைத்துவிட்டு வெற்றிலை மடித்த ஒரு வியாபாரியைக் குடையின் எடைக்கும் சேர்த்துக் கட்டணம் கட்ட வைத்ததாகச் சொல்வார்கள்.

மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கான்வென்டில் ஏழாம் ஸ்டாண்டர்டு வரை படித்தவர். கிராணியின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது என்று ஷெட்டின் வெள்ளைக்காரத் துரை ஒருமுறை கடிந்துகொண்டதிலிருந்து, அன்றன்றைய பேரேட்டை மாலையில் வீட்டில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் நகல் எடுப்பது அக்காதான். எனக்குத் தினமும் தலை பின்னிவிடுவதும் அவர்தான். அம்மாவுக்குப் பின்னத் தெரியும், பொறுமை இல்லை.

அந்த அக்காவைத்தான் மாமாவுக்குக் கேட்டிருந்தார்கள். ஒரே வரிசையில் எல்லாரும் எல்லாரையும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் பழம், வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு ஆறு வீட்டுத் தூரம் நடந்து பெண் பார்க்கப் போனோம்.

காப்பி வந்தது. அக்கா திரைக்குப் பின்னால் போய்விட்டார். கிராணி மாமாவைப் பார்த்து, "தம்பி என்னமோ பரீட்சைக்குப் படிக்கிறதா கேள்விப்பட்டேன். என்ன படிப்பு?" என்றார்.

"வாயுவோட எடைங்க."

"எதோட எடை?"

"காத்து, ஆக்சிஜன்... அந்த மாதிரிங்க."

கிராணி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "காத்துக்கு ஏது எடை? இருபது வருஷமா தராசு பிடிக்கிறேன். காலையில மேடை காலியா இருக்கும். காலி மேடை மேல என்ன இருக்கு? காத்து. முள் எங்க நிக்குது? பூஜ்யத்துல. எடை இருந்தா என் தராசு ஒருநாளாவது சொல்லியிருக்காதா?"

இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. காற்றுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற தராசில் அந்தக் காற்று தெரியாது. கடலுக்குள் கிடக்கிற தராசில் கடல் தெரியாததைப்போல. இதை மாமா சொல்லியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதற்குப் பதிலாகச் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"உங்க ஷெட்டுக்கு வர ஆக்சிஜன் சிலிண்டரையே எடுத்துக்குங்க. நூறு கன அடி அடைச்சிருக்குன்னு அதுமேலேயே எழுதியிருக்கும். ஆக்சிஜனோட அடர்த்தி புள்ளி பூஜ்யம் எட்டு ஒன்பது." பழத்தட்டில் விரித்திருந்த காகிதத்தின் ஓரத்தில் வகுத்தார். "ஆயிரத்து நூத்து இருபத்து மூணு ராத்தல்."

கிராணி குனிந்து அந்த எண்ணைப் படித்தார். பிறகு மிகவும் மென்மையாகக் கேட்டார். "அரை டன்?"

"மூணு ராத்தல் கூடவே வருதுங்க."

"தம்பி, சிலிண்டரை அதுக்குள்ள இருக்கிறதோட சேர்த்து நிறுத்தாலே நூத்துப் பன்னிரண்டு ராத்தல்தான். வண்டிக்காரன் தோள்ல தூக்கிக்கிட்டு பாட்டுப் பாடிக்கிட்டே போறான்."

அப்பாவுக்கு இருமல் வந்தது. மாமா காகிதத்தைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். விடை அங்கேயேதான் இருந்தது. கிராணி வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி, பரீட்சை முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்பதற்கு அந்தக் காலத்தில் இருந்த மரியாதையான சொற்கள் அவை. மறுநாள் காலையில் வரிசைப் பிள்ளைகள் மாமாவுக்கு "அரை டன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் ஒருதடவை மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டேன்.

மாமா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா கிராணி வீட்டு வழியாகப் போகிற எந்தக் காரணத்தையும் விடாமல் போய்வந்துகொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் களவு விவகாரம் கிளம்பியது.

புடு வட்டாரத்தில் ஈயச் சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறை இருந்தது. வெல்டிங் வேலைக்கு அவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர்கள் ரயிலில் வரும். ஷெட்டிலிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவதும், தீர்ந்த பிறகு காலிச் சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவருவதும் ஒரு மாட்டு வண்டிக்காரர். வருகிற சிலிண்டரை மட்டும்தான் அதுவரை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த துரை, திரும்பிப் போவதையும் நிறுத்து எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான்கு மாதத்தில் இருபத்திரண்டு சிலிண்டர்கள் போய்வந்தன. எடுத்துப்போனபோது நூற்றுப் பன்னிரண்டு. திரும்பியபோது நூற்று மூன்று. ஒன்றே ஒன்றைத் தவிர ஒவ்வொன்றிலும் ஒன்பது ராத்தல் குறைவு. இரண்டில் மட்டும் எட்டு.

உள்ளே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துதானே காலியாக வருகிறது என்று கிராணிக்குத் தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை. காற்றுக்கு எடை கிடையாது. எனவே காணாமற்போனது இரும்பு. வண்டிக்காரர் வழியில் எங்கோ நிறுத்தி, சிலிண்டரை அரத்தால் சுரண்டிப் பழைய இரும்புக்காரனிடம் விற்கிறார். கிராணி ஒரு சிலிண்டரை உருட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் கீறல்கள் இருந்தன. தடயமும் கிடைத்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் நூற்று எண்பத்தேழு ராத்தல், பாசாரில் புழங்கும் காத்திக் கணக்கில் நூற்று நாற்பது.

அதைவிடப் பெரிய ஆதாரம் ஒன்றும் இருந்தது. பதினேழாவது சிலிண்டர் மட்டும் ஒரு ராத்தல்கூடக் குறையாமல் திரும்பியிருந்தது. அன்றைக்கு வண்டிக்காரருக்குக் காய்ச்சல். அவருடைய மச்சான் வண்டி ஓட்டினான். வேறு ஆள் ஓட்டிய அன்று மட்டும் களவு இல்லை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று கிராணி வரிசை முழுக்கக் கேட்டார்.

துரையிடம் சொன்னால் போலீஸ் வரும், பிள்ளைகுட்டிக்காரன் லாக்கப்பில் கிடப்பான் என்று கிராணிக்கு இரக்கம் வந்தது. அதனால் விஷயத்தைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் இருந்த முனீஸ்வரரிடம் விட்டார். வெள்ளிக்கிழமை மாலை எல்லார் முன்னாலும் வண்டிக்காரர் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மறுநாள் காலை விஷயம் துரை மேசைக்குப் போகும்.

அந்த வாரம் புதன்கிழமை அம்மா முறுக்குச் சுட்டாள். கிராணி மனம் இளகட்டும் என்பதற்காகச் சுட்டது. மாமா எழுதி எறிந்திருந்த கணக்குத் தாள்களில் ஒன்றில் பொட்டலம் கட்டி, தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

அக்கா பேரேட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். முறுக்கை எடுக்காமல் காகிதத்தைப் படித்தார். அது அந்த அரை டன் கணக்குத்தான். எங்கே தவறியது என்று பார்க்க மாமா வீட்டுக்கு வந்து மறுபடியும் போட்டுப் பார்த்தது. மறுபடியும் அரை டன்னே வந்திருந்தது. அக்காவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பென்சிலை எடுத்து வகுத்தல் குறியை அடித்துவிட்டு அதன்மேல் பெருக்கல் குறி போட்டார். கீழே 8.9 என்று எழுதினார்.

எழுதியதும் சிரிப்பு நின்றுபோயிற்று. பக்கத்தில் இருந்த பேரேட்டைத் திருப்பி, பத்தியின் மேல் விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனார். அதற்குள் நான் ஒரு முறுக்கு முழுவதையும் தின்று முடித்தேன். பிறகு அந்தத் தாளின் அடியில் "17?" என்று எழுதி, நான்காக மடித்தார்.

"இதை மாமாகிட்ட குடு. மாமாகிட்ட மட்டும்."

"உங்க அப்பாகிட்ட சொல்லலியா அக்கா?"

"அப்பா தராசு சொன்னாத்தான் கேப்பார். நான் சொன்னா, போய் உலையைப் பாருன்னுவார்." பேரேட்டை மூடிவிட்டு, "அப்பா எதிர்ல நின்னு இதைச் சொல்ல ஓர் ஆள் வேணும். சொல்றாரா பார்ப்போம்" என்றார்.

மாமா தாளை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பெருக்கல் குறியை விரலால் தொட்டார். எழுதினது யார் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அக்கா என்று சொன்னேன். பதினேழு என்ன என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அந்தச் சிலிண்டரின் வால்வு இறுகிக்கொண்டு திறக்கவே வராமல் பட்டறைக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை ஒரு பார்வை பார்க்கச் சொல்லி லோகோ ஷெட்டிலிருந்து கூப்பிட்டது மாமாவைத்தான். வால்வு திறக்கவில்லை, ஆக்சிஜன் வெளியே போகவில்லை, எடையும் குறையவில்லை.

"அக்கா!" என்று அம்மாவிடம் ஓடினார். அம்மா முழுவதையும் கேட்டாள். கணக்கு அவளுக்கு உடனே புரிந்தது. அதனால்தான் பயந்தாள்.

"வாயைத் திறக்காதே."

"வண்டிக்காரர் பாவம் அக்கா."

"அவர் எடுக்கலைன்னா அணைச்சிட்டுப் போறார். சாமி பார்த்துக்கும். நாலு பேர் முன்னால நீ அந்தாளைத் தப்புன்னு சொல்லு, அப்புறம் அந்த வீட்டு வாசல்ல உன்னை நிக்க விடுவாரா? ஏற்கெனவே அரை டன்னு. நல்ல பொண்ணுடா அவ. எனக்காகவாவது சும்மா இரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். வாயைத் திறந்தேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிடுவேன்."

வெள்ளிக்கிழமை மாலை மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன். மரத்தடியில் இருபது பேர்போல நின்றார்கள், எல்லாரும் ஷெட் ஆட்கள். வண்டிக்காரர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். கிராணி கற்பூரத்தை ஏற்றினார்.

"சிலிண்டர்லேருந்து எதையும் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணு."

"பண்றேன் கிராணி ஐயா. ஆனா கேள்வியை ஒழுங்கா கேளுங்க லா. இரும்பு எடுத்தியான்னு கேளுங்க."

"அதைத்தானே கேட்டேன்?"

"நீங்க 'எதையும்'னீங்க. இந்தச் சாமி கொஞ்சம் பொல்லாத சாமி. நீங்க பாட்டுக்குப் பொதுவா கேட்டு, நான் பாட்டுக்குக் கையை வச்சு, அப்புறம் அது பழைய கருவாட்டு மூட்டையெல்லாம் சேர்த்துப் பார்த்துச்சுன்னா?"

கூட்டம் சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை. கருவாட்டு மூட்டையைப் பற்றிப் பிறகு விசாரிப்பதாகச் சொன்னார். வண்டிக்காரர் அந்தக் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு தன் வழக்கைத் தானே எடுத்துச் சொன்னார். "ஒன்பது ராத்தல் இரும்பைச் சுரண்டணும்னா விடிய விடிய அரம் பிடிக்கணும் ஐயா. அவ்வளவு தெம்பு எனக்கு இருந்தா நான் ஏன் மாட்டை வச்சு வண்டி இழுக்கிறேன்? நானே இழுத்துட்டுப் போகமாட்டேனா?"

"கையை வை" என்றார் கிராணி.

வண்டிக்காரர் கையை நீட்டினார். பாதி வழியில் வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டினார். ஒன்றும் எடுக்காதவருக்கும் நெருப்பு சுடும்தானே. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. என் கையைப் பிடித்திருந்த அவர் கை வேர்த்து வழுக்கியது.

"அது இரும்பு இல்ல. காத்து!" என்று நான் கத்தினேன்.

கத்திய பிறகுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திரும்பிய முகங்கள் அத்தனையும் அவரைப் பார்த்தன. வண்டிக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன தம்பி சொல்றீங்க?" என்றார் கிராணி. குரலில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மென்மை இருந்தது.

ஒளிய இடமில்லாமல் போனதும் மாமாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "ஐயா, பதினேழாம் நம்பர் சிலிண்டர் ஏன் திரும்பி வந்துச்சு?"

"வால்வு திறக்கலைன்னு."

"அப்போ உள்ள இருந்தது உள்ளேயே இருந்துச்சு. உங்க தராசு குறையலைன்னு சொல்லுச்சு. மத்த இருபத்தொண்ணும் காலியாகி வந்துச்சு. ஒன்பது ராத்தல் குறையுதுன்னு சொல்லுச்சு." சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். "நூறு கன அடியை அடர்த்தியால பெருக்கினா எட்டு புள்ளி ஒன்பது ராத்தல் ஆக்சிஜன். அந்த அடர்த்தியைக் கண்டுபிடிக்கச் சீமையில பெரிய பெரிய ஆளுங்க கண்ணாடிக் குடுவை, பம்பு எல்லாம் வச்சு வருஷக் கணக்கா உக்காந்திருந்தாங்க. நீங்க கூட்ஸ் ஷெட்டுல நின்னபடியே நிறுத்துட்டீங்க."

கிராணி தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எட்டு புள்ளி ஒன்பதா?"

"ஆமாங்க."

"என் தராசு ஒன்பதுன்னு காட்டுச்சு."

"உங்க தராசு முழு ராத்தல்தானே காட்டும்?"

"அப்போ சரியாத்தான் காட்டியிருக்கு."

"ரொம்பச் சரியா."

"ரெண்டுல எட்டு காட்டுச்சே?"

"அந்த ரெண்டுலயும் கொஞ்சம் மிச்சம் வச்சுத் திருப்பியிருப்பாங்க. அதையும் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க."

கிராணி வண்டிக்காரர் பக்கம் திரும்பினார். அந்த மனிதர்தான் தராசைச் சந்தேகப்பட்டார் என்பதுபோல அவரைக் கண்டிப்பாகப் பார்த்தார். "இருபத்திரண்டு தடவை. ஒரு தடவைகூடத் தப்பலை."

"தராசு தப்பாதுங்க" என்று வண்டிக்காரர் அவசரமாக ஒப்புக்கொண்டார். "அப்போ நான் இரும்பு எடுக்கலையா?"

"நீ எடுத்தேன்னு யாருப்பா சொன்னது?"

கூட்டத்தில் ஒருவர், "அன்னைக்கு அரை டன்னுனு சொன்னீங்களாமே தம்பி?" என்று இழுத்தார்.

"அன்னைக்கு வகுத்துட்டேங்க" என்றார் மாமா.

கற்பூரம் அதற்குள் தானாகவே எரிந்து தீர்ந்திருந்தது. இன்னொன்று ஏற்றலாமா என்று யாரோ கேட்டதும் வண்டிக்காரர் சத்தமாக முனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கொண்டுவந்திருந்த தேங்காயைத் தானே உடைத்து, எல்லார் வாயிலும் ஒரு சில்லைத் திணித்தார். கருவாட்டு மூட்டைப் பேச்சு மறுபடியும் எழவே இல்லை.

எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெருக்கல் குறியைப் போட்டது அக்கா. பதினேழைக் கண்டுபிடித்தது அக்கா. வாயைத் திறந்தது நான். மாமா எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தராசின் காலடியில் வைத்துவிட்டார். அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிராணி வரிசையில் வீடு வீடாகப் போய், இருபது வருஷமாகத் தனக்கு ஒரு சந்தேகம் இருந்ததாகவும், காற்றுக்கு எடை இருந்தே தீரும் என்று தன் தராசு இன்று ருசுப்படுத்திவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் நான் இல்லை. வண்டிக்காரர் இல்லை. மாமா கடைசியில் வந்து, ஆமாங்க, ஆமாங்க என்று இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, பரீட்சைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொன்னார். தாயில்லாப் பெண், அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காலையில் சொல்கிறேன் என்றார். அம்மா சுவாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். மாமா வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் காரியம் கூடிவந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் திருத்தவில்லை. திருத்தினால் எனக்குத்தான் ஆபத்து.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல ரிப்பனை எடுத்துக்கொண்டு தலை பின்னிக்கொள்ளப் போனேன். அக்கா என்னை வாசற்படியில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, ஒரு பக்கச் சடையைப் பின்னினார். கிராணி உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தார்.

"நேத்து சாமிகிட்ட யார் முதல்ல பேசினது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

இந்த வீட்டில் சொல்வது ஆறு வீடு நடந்து அம்மாவின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

"மாமாதான்" என்றேன்.

"அவராவா? யாரும் எதுவும் கேக்காம?"

"அவராத்தான்."

சீப்பு நின்றது. "கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதா, அணைஞ்ச பிறகா?"

என்னை மாட்டவைக்கத்தான் இப்படிக் குடைகிறார் என்று தோன்றியது. ஒரேயடியாக உறுதியாகச் சொல்லிவிடுவதே நல்லது. "எரியும்போது. வண்டிக்காரர் கையை நீட்டிட்டார். மாமா உடனே சத்தம் போட்டார். எல்லாரும் பயந்துட்டாங்க."

அக்கா சீப்பைக் கீழே வைத்தார். பின்னி முடித்திருந்த ஒரு சடையை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து பின்னினார். எதற்கு என்று தெரியவில்லை. முதலில் பின்னியதே நன்றாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து கிராணி, "என்னம்மா, காலையில சொல்றேன்னியே, அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?" என்று குரல் கொடுத்தார். அக்கா ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"சரின்னு சொல்லிடுங்கப்பா."

எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை, அம்மாவிடம் சொல்லப்போவதாகவும் தெரியவில்லை. தப்பித்தேன் என்று இரண்டு சடையும் துள்ள வீட்டைப் பார்த்து ஓடினேன்.